உப்பு வெட்டியவன் பணக்காரனா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட கட்டுரை இது. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

எழுத வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டரில் எங்கள் பி.காம் வகுப்பில் ஆளுக்கொரு செமினார் எடுக்கச் சொன்னார்கள். பொதுத் தலைப்பு 'வணிகம் வளர்ந்த கதை'. எல்லோரும் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குச் சந்தை என்று போக, நான் மட்டும் வித்தியாசமாகச் செய்கிறேன் பேர்வழி என்று சஹாரா பாலைவன வணிகத்தை எடுத்துக்கொண்டேன். "அந்தக் காலத்தில் சஹாராவுக்குத் தெற்கே உப்புக்கும் தங்கத்துக்கும் ஒரே விலை! எடைக்கு எடை! ஒரு கிலோ உப்பு கொடுத்தால் ஒரு கிலோ தங்கம்!" என்று கையை விரித்துச் சொன்னேன். வகுப்பே "ஓ..." என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கடைசி பெஞ்சில் இருந்து ஒரு தோழி எழுந்தாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். "அப்படின்னா அந்த உப்பை வெட்டி எடுத்தவன் பெரிய பணக்காரனா இருந்திருப்பானே? அவன் யாரு?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் கேள்வி மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நூலகத்திலும் இணையத்திலும் தேடித்தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, நான் வகுப்பில் அளந்தது பாதி கதை, அதிலும் பாதி தப்பு. அந்தப் பிழைதிருத்தம்தான் இந்தக் கட்டுரை.

பாதை எங்கே?

ஆப்பிரிக்காவின் வடக்கே கிட்டத்தட்ட 90 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது சஹாரா. அதன் வடக்கு ஓரத்தில் மொராக்கோ, அல்ஜீரியா, லிபியா. தெற்கு ஓரத்தில் மாலி, நைஜர் போன்ற நாடுகள். இந்த இரண்டு கரைகளையும் பல பாதைகள் இணைத்தன. அதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மேற்கே இருந்த, மிகப் பிரபலமான பாதை.

வடக்கு முனையில் சிஜில்மாசா. மொராக்கோவின் தாஃபிலால்ட் பாலைவனச் சோலையில், 757-ஆம் ஆண்டு வாக்கில் உருவான நகரம். இப்போது ரிஸ்ஸானி என்ற ஊருக்குப் பக்கத்தில் இடிந்த சுவர்களாகக் கிடக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கினால் பாலைவனத்தின் நட்டநடுவே தகாசா உப்புச் சுரங்கம். இன்னும் தெற்கே போனால் பாலைவனம் முடியும் இடத்தில் வலாத்தா. அதற்கும் தெற்கே மாலிப் பேரரசின் தலைநகரும், தங்கம் கிடைத்த பம்புக், பூரே பகுதிகளும்.

கூட்டமாகச் சரக்கேற்றிப் போகும் வணிகர்களுக்குத் தமிழில் 'சாத்து' என்று ஒரு அருமையான பழைய சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனுடைய அப்பா பெயர் மாசாத்துவான், அதாவது பெரிய சாத்துக்குச் சொந்தக்காரர். 'கேரவன்' என்று எழுதுவதைவிட இது நன்றாக இருப்பதால் இங்கே சாத்து என்றே எழுதுகிறேன்.

சஹாராச் சாத்துக்கு ஆதாரம் ஒட்டகம். வட ஆப்பிரிக்காவில் ஒட்டகம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில்தான். அதன் பிறகு, குறிப்பாக 8-ஆம் நூற்றாண்டிலிருந்து, இந்த வணிகம் பெரிதாக வளர்ந்தது. தெற்கே போனது உப்பு, துணி, செம்பு, குதிரை, புத்தகம். வடக்கே வந்தது தங்கம், தந்தம், தோல், கோலா கொட்டை. இன்னொரு 'சரக்கும்' வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரில் பார்த்தவர் சாட்சி

இந்தப் பாதையைப் பற்றி எழுதிய பலர் அங்கே போனதே இல்லை. உதாரணத்துக்கு, 1068-ல் கானா அரசைப் பற்றி விவரமாக எழுதிய அல்-பக்ரி ஸ்பெயினை விட்டு அந்தப் பக்கம் நகரவே இல்லை. போய் வந்தவர்களிடம் கேட்டு எழுதினார். ஆனால் இப்னு பதூதா நேரில் நடந்தவர். 1352 பிப்ரவரியில் சிஜில்மாசாவிலிருந்து ஒரு சாத்தோடு கிளம்பினார். அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுதி 1355-ல் முடித்த பயண நூலில் இந்தப் பயணமும் இருக்கிறது.

25 நாள் நடந்து தகாசா வந்து சேர்கிறார். அங்கே பார்த்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடுகள், பள்ளிவாசல் எல்லாமே உப்புப் பாளங்களால் கட்டியவை! கூரை மட்டும் ஒட்டகத் தோல். ஒரு மரம் கிடையாது. குடிதண்ணீர் உப்புக் கரிக்கும். ஈத்தொல்லை தாங்க முடியாது. நிலத்தைத் தோண்டினால் செதுக்கி அடுக்கி வைத்ததுபோலப் பெரிய பெரிய பாளங்களாக உப்பு கிடைக்கும். ஒரு ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும்.

இவ்வளவு மோசமான ஊரில், மலைபோலத் தங்கத்தூள் கைமாறுகிறது என்று ஆச்சரியப்படுகிறார் இப்னு பதூதா.

அங்கே வசித்தவர்கள் யார்? தோழியின் கேள்விக்குப் பதில் இங்கேயே ஒரு வரியில் இருக்கிறது. மசூஃபா இனத்தாரின் அடிமைகள். அவர்கள்தான் உப்பை வெட்டினார்கள். வேறு யாரும் அந்த ஊரில் குடியிருக்கவில்லை.

சாப்பாடு? சிஜில்மாசாவிலிருந்தும் திரா பகுதியிலிருந்தும் வரும் பேரீச்சம்பழம், தெற்கிலிருந்து வரும் தினை, ஒட்டகக் கறி. தகாசாவில் ஒரு புல்கூட விளையாது. வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அடுத்த சாத்து வராவிட்டால் உப்பு வெட்டுபவனுக்குச் சோறு கிடையாது. சுற்றிலும் உப்பு, தின்ன ஒன்றுமில்லை.

எடைக்கு எடை... உண்மையா?

இப்போது என் செமினார் புளுகுக்கு வருவோம். உப்புக்கு எடைக்கு எடை தங்கம் என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. இடைக்கால அரபு நூல்கள் சிலவற்றிலேயே இப்படி இருக்கிறது. இன்று வாட்சப்பில் சுற்றும் 'உங்களுக்குத் தெரியுமா?' வகையறாக்களிலும் இருக்கிறது. நானும் யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன். காமர்ஸ் படிக்கிற பையன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

இப்னு பதூதா விலையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு ஒட்டகச் சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் தங்கம். மாலித் தலைநகரில் 20 முதல் 30 மித்கால். சில சமயம் 40 வரை போகும்.

ஒரு மித்கால் என்பது சுமார் 4.25 கிராம். எனக்குச் சாதகமாக, மிக உயர்ந்த விலையான 40 மித்காலையே எடுத்துக்கொள்கிறேன். 40 × 4.25 = 170 கிராம் தங்கம். ஒட்டகச் சுமையைக் குறைவாக 100 கிலோ என்று வைப்போம். அப்படியானால் ஒரு கிலோ உப்புக்கு 1.7 கிராம் தங்கம். எடைக்கு எடை எங்கே, இது எங்கே? கிட்டத்தட்ட 600 மடங்கு வித்தியாசம்!

அதற்காக உப்பு மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். கிலோவுக்கு 1.7 கிராம் தங்கம் என்பதை இன்றைய தங்க விலையில் பெருக்கிப் பாருங்கள், மயக்கமே வரும். உப்புப் பாளத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காசு போலவே பயன்படுத்தினார்கள் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

ஏன் இவ்வளவு விலை? தெற்கே உப்பே இல்லை என்பது காரணம் இல்லை. செடிகளை எரித்துச் சாம்பலிலிருந்து உப்பு எடுத்தார்கள். கடலோரத்தில் கடல் உப்பும் இருந்தது. ஆனால் வெயிலில் வேர்த்து உழைக்கும் மனிதருக்கும் கால்நடைக்கும் நிறைய உப்பு வேண்டும். பாறை உப்பு தரமானது, உடையாமல் தூரம் போகும், கெட்டுப்போகாது. ஆக, மாலியில் ஒருவர் உப்புக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி உப்பின் விலையே இல்லை. வழியின் விலை.

அந்த வழிச்செலவை நம் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வருகிற மாதிரி ஒரு அடக்கவிலைப் பட்டியலாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

செலவு 1: தண்ணீர்

தகாசாவுக்குத் தெற்கே பத்து நாள் தண்ணீரே கிடைக்காத நிலம். மழைக்குட்டை ஏதாவது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அதைத் தாண்டி வலாத்தாவை நெருங்கும்போதுதான் இன்னும் பெரிய ஆபத்து.

அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். 'தக்ஷிஃப்' என்று ஒரு ஆள். மசூஃபா இனத்தைச் சேர்ந்தவர். சாத்து நடுவழியில் தங்கியிருக்க, இவர் தனியாக முன்னால் வலாத்தாவுக்குப் போவார். வணிகர்கள் அங்குள்ள நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டுபோவார். கடிதம் கிடைத்ததும் அவர்கள் தண்ணீரோடு நான்கு நாள் தூரம் எதிரே வந்து சாத்தைச் சந்திப்பார்கள். தக்ஷிஃப் வழியில் செத்துவிட்டால்? வலாத்தாவில் யாருக்கும் தகவல் தெரியாது. தண்ணீர் வராது. சாத்து மொத்தமும் அல்லது பெரும்பாலானவர்கள் அழிய வேண்டியதுதான்.

இப்னு பதூதா போன சாத்து இந்த வேலைக்குக் கொடுத்த கூலி 100 மித்கால். வலாத்தா விலையில் பத்து ஒட்டகச் சுமை உப்பு! அந்த ஆளுக்கு ஒரு கண் பார்வை கிடையாது, இன்னொரு கண்ணும் நோயுற்றது. ஆனாலும் அவரைப் போல வழி தெரிந்தவர் யாருமில்லை என்று வியக்கிறார்.

இந்தச் செலவு வீண் என்று சொல்ல முடியாது. 1805-ல் திம்புக்டுவிலிருந்து தாஃபிலால்ட் நோக்கிக் கிளம்பிய ஒரு சாத்து, வழக்கமான இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனதால் மொத்தமாக அழிந்தது. 2,000 மனிதர்கள், 1,800 ஒட்டகங்கள். மொராக்கோவில் வணிகராக இருந்த ஜேம்ஸ் கிரே ஜாக்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

செலவு 2: வரி

அல்-பக்ரி சொல்லும் கணக்குப்படி, கானா அரசர் தன் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தீனார் வரி வாங்கினார். அதே உப்பு நாட்டை விட்டு வெளியே போகும்போது இரண்டு தீனார். உள்ளே வந்தாலும் வரி, வெளியே போனாலும் வரி!

(இங்கே கானா என்பது இன்றைய கானா நாடு இல்லை. அது மாலி, மொரிட்டானியா எல்லைப் பகுதியில் இருந்த பழைய அரசு. 1957-ல் விடுதலை பெற்ற நாடு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது.)

இன்னொரு விஷயமும் அல்-பக்ரி சொல்கிறார். சுரங்கத்தில் கிடைக்கும் தங்கக் கட்டிகள் எல்லாம் அரசருக்கு, மக்களுக்குத் தங்கத்தூள் மட்டும். அப்படிச் செய்யாவிட்டால் தங்கம் பெருகி மதிப்பே இல்லாமல் போய்விடுமாம். பணப்புழக்கம் அதிகமானால் பணவீக்கம் என்று நாம் பரிட்சைக்கு மனப்பாடம் செய்வதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அந்த ஊர் அரசர் நடைமுறையில் வைத்திருந்திருக்கிறார்.

செலவு 3: வண்டி மாற்றுவது

விலைப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பாலைவனத்தைக் கடந்து வலாத்தா வந்தபோது 10 மித்கால். அங்கிருந்து தலைநகர் வெறும் 24 நாள் தூரம். வழியும் பத்திரமானது, சாத்தோடுகூடப் போகத் தேவையில்லை என்கிறார் இப்னு பதூதா. அப்படியிருந்தும் விலை மூன்று மடங்காகிறது. ஏன்?

தெற்கே ஈரப்பதம் கூடக்கூட ஒட்டகத்துக்கு நோய் வரும், தாங்காது. அதனால் சுமையை இறக்கிக் கழுதை மேல் ஏற்ற வேண்டும். அப்புறம் ஆற்றில் படகு. அதற்கும் அப்பால் தலைச்சுமை. ஒவ்வொரு இடத்திலும் புதுக் கை, புதுக் கூலி, புது லாபம். நம் ஊரில் தக்காளி தோட்டத்தில் ஒரு விலை, கோயம்பேட்டில் ஒரு விலை, தெருமுனைக் கடையில் ஒரு விலை இருக்கிறதே, அதே கதைதான்.

செலவு 4: நம்பிக்கை

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சிஜில்மாசாவில் சரக்கைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதத் தூரத்தில் இருப்பவன் பணம் தருவான் என்று எப்படி நம்புவது? நடுவில் போலீஸ் கிடையாது, போன் கிடையாது.

10-ஆம் நூற்றாண்டில் சிஜில்மாசா வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி ஒரு ஆவணத்தைப் பார்த்ததாக எழுதுகிறார். பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள அவ்தகுஸ்த் நகரத்து வணிகர் ஒருவர் சிஜில்மாசாக்காரர் ஒருவருக்குத் தர வேண்டிய கடன். சாட்சிகளோடு எழுதப்பட்டது. தொகை 42,000 தீனார்! இவ்வளவு பெரிய தொகையைக் கிழக்கு நாடுகளில் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்கிறார். அந்த ஆவணத்துக்கு அவர் சொல்லும் அரபுச் சொல் 'சக்'. இன்றைய செக்கோடு இதைச் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் விவரத்தைப் படித்தால் நம் ஊர் புரோநோட்டுக்குத்தான் நெருக்கம்.

13-ஆம் நூற்றாண்டில் அல்-மக்கரி என்ற குடும்பத்தின் ஐந்து சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இருவர் வடக்கே அல்ஜீரியாவின் த்லெம்சென் நகரில். இருவர் தெற்கே வலாத்தாவில். ஒருவர் நடுவில் சிஜில்மாசாவில். எல்லாருக்கும் சம பங்கு. தெற்கே என்ன வேண்டும் என்று எழுதினால் வடக்கே இருப்பவர் அனுப்புவார். தோலும் தந்தமும் கோலாவும் தங்கமும் திரும்பி வரும். சிஜில்மாசாக்காரர் வேலை என்ன தெரியுமா? தராசு முள் மாதிரி நடுவில் நின்று, எங்கே விலை ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இரு பக்கமும் தகவல் அனுப்புவது. வழியில் கிணறும் வெட்டினார்கள், வணிகர்களுக்குப் பாதுகாப்பும் ஏற்பாடு செய்தார்கள். பார்ட்னர்ஷிப் சட்டம் படிக்கும் நாம் இவர்களுக்கு ஒரு சலாம் போடலாம்.

நம்ம சோழி அங்கே எப்படி?

பல்லாங்குழி, தாயம் ஆடும் சோழி இருக்கிறதே, அது மாலியில் பணம். அந்தச் சோழி வந்தது மாலத்தீவிலிருந்து! இப்னு பதூதா 1343-44-ல் மாலத்தீவில் நீதிபதியாக இருந்தவர். அதனால் இரண்டு முனையிலும் விலையைப் பார்த்த அபூர்வ மனிதர். மாலத்தீவில் ஒரு தங்க தீனாருக்கு 4,00,000 சோழி, சில சமயம் 12,00,000 வரைகூட. மாலியில் ஒரு தீனாருக்கு 1,150 மட்டும்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் "ஆகா, 350 மடங்கு லாபம்" என்று கத்தத் தோன்றும். (நான் கத்தினேன்.) ஆனால் நடுவில் எத்தனை கடல், எத்தனை துறைமுகம், எத்தனை கை. கடைசியில் பாலைவனம் வேறு. 1964-ல் மொரிட்டானியப் பாலைவனத்தில் தியோடர் மோனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு மணல்மேட்டை ஆராய்ந்தார். உள்ளே 2,000-க்கும் மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், கூடவே குவியலாகச் சோழிகள். 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டில் யாரோ வணிகர்கள் புதைத்து வைத்துவிட்டுப் போனது. அதை எடுக்க யாரும் திரும்பி வரவே இல்லை.

நம் பாடப்புத்தகத்தில் 'ரிஸ்க்' என்று ஒரு வார்த்தையாக இருப்பது அங்கே மணலுக்கடியில் அப்படியே கிடந்திருக்கிறது.

மூசா மன்னர் கதையிலும் கொஞ்சம் திருத்தம்

மாலி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மன்சா மூசா. 1324-ல் மக்காவுக்குப் புனிதப் பயணம் போனபோது கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்தவர். "எகிப்தின் பொருளாதாரத்தையே அழித்துவிட்டார்" என்று ஃபார்வர்டு மெசேஜ்கள் சொல்லும். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கெய்ரோவில் விசாரித்து எழுதிய அல்-உமரி தரும் எண் இது: ஒரு மித்கால் தங்கம் 25 திர்ஹத்துக்குக் குறையாமல் இருந்தது, மூசா வந்துபோன பிறகு 22 அல்லது அதற்கும் கீழே இறங்கியது. கிட்டத்தட்ட 12 சதவீத இறக்கம். பன்னிரண்டு ஆண்டு நீடித்தது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அழிவு இல்லை.

திரும்பி வரும்போது கையிருப்பு தீர்ந்து கெய்ரோ வணிகர்களிடம் பெரிய வட்டிக்குக் கடன் வாங்கினார் மூசா. உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று சொல்கிறார்களே, அவருக்கே ரொக்கத் தட்டுப்பாடு!

பட்டியலில் வராத செலவு

தண்ணீர், வரி, கூலி, கடன் எல்லாம் எழுதியாயிற்று. கூட்டினால் உப்பின் விலை வந்துவிடுமா? வராது. முதல் வரியே விட்டுப்போயிருக்கிறது. உப்பை வெட்டியவனின் கூலி.

அது பூஜ்யம். அவன் கூலிக்காரன் இல்லை. விலைக்கு வாங்கப்பட்டவன்.

ஆரம்பத்தில் சொல்லாமல் விட்ட இன்னொரு 'சரக்கு' இதுதான். மனிதர்கள். 1353 செப்டம்பரில் தக்கெத்தா என்ற ஊரிலிருந்து இப்னு பதூதா ஊர் திரும்பிய சாத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். ஒட்டகத்தில் வந்த வணிகர்கள் கடந்த அதே பாலைவனம். இத்தனை விவரம் எழுதியவர் அவர்களைப் பற்றி எழுதியது அந்த எண்ணிக்கை மட்டும்தான். தக்ஷிஃபின் கண் எப்படி இருந்தது என்று எழுதத் தோன்றியவருக்கு, அந்த 600 பேரில் ஒருவரின் பெயரை எழுதத் தோன்றவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் லியோ ஆப்பிரிக்கானஸ் எழுதுகிறார்: போர்னு அரசர் வடக்கிலிருந்து வரும் குதிரைக்கு விலையாக அடிமைகளைக் கொடுத்தார். ஒரு குதிரைக்கு 15 அல்லது 20 பேர். அந்தக் குதிரைகளில் ஏறிப் போய்த்தான் அடுத்த கூட்டத்தைப் பிடித்து வந்தார்கள். சுழற்சி மூலதனம் என்று நாம் படிப்பதன் மிகக் கொடூரமான உதாரணம் இது.

சஹாரா வழியாக ஆயிரம் ஆண்டுக்கு மேல் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பல பத்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அட்லாண்டிக் கடல் வழி அடிமை வணிகம் பற்றி நமக்குத் தெரிந்த அளவு இது தெரியவில்லை. கப்பல்களுக்குப் பதிவேடு இருந்தது. மணலுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் யாருமே இதைக் கேள்வி கேட்கவில்லையா? கேட்டவர் ஒருவர் உண்டு, ஓரளவுக்கு. திம்புக்டுவின் பெரிய அறிஞர் அகமது பாபா. 1591-ல் மொராக்கோ சுல்தானின் படை பாலைவனத்தைக் கடந்து வந்து தொந்திபி என்ற இடத்தில் சொங்காய் அரசைத் துப்பாக்கிகளால் தோற்கடித்தது. அதன் பிறகு அகமது பாபாவையும் கைதியாக மராகேஷுக்குக் கொண்டுபோனார்கள். விடுதலையாகி ஊர் திரும்பிய பிறகு, 1615-ல், 'யாரை அடிமையாக்கலாம்' என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு நூல் எழுதினார். கறுப்பு நிறம் ஒருவரை அடிமையாக்கக் காரணம் ஆகாது, முஸ்லிம்களை அடிமையாக்கக் கூடாது என்று அதில் வாதாடினார். ஆனால் அடிமை முறையே தவறு என்று சொல்லும் இடத்துக்கு அவரும் போகவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பாதை எப்போது முடிந்தது?

"போர்ச்சுகீசியக் கப்பல் வந்தது, ஒட்டகம் தோற்றது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 1434-ல் அவர்கள் பொஜதோர் முனையைத் தாண்டினார்கள், 1482-ல் தங்கக் கடற்கரையில் எல்மினா கோட்டை கட்டினார்கள் என்பது உண்மை. தங்கத்தில் ஒரு பகுதி கடல் பக்கம் திரும்பியதும் உண்மை. ஆனால் சாத்துகள் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு நெருப்புக்கோழி இறகு ஃபேஷன் ஆனபோது, கானோவிலிருந்து திரிபோலிக்குப் போன பாதை 1870-80களில் பரபரப்பாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனி ஆட்சியாளர்கள் போட்ட ரயில் பாதைகள் சரக்கைக் கடற்கரைக்குத் திருப்பிய பிறகுதான் நெடுந்தூரச் சாத்துகள் ஓய்ந்தன.

உப்பு மட்டும் ஓயவில்லை. தகாசா 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைவிடப்பட்டு, அதற்குத் தென்கிழக்கே தவ்தேனியில் புதுச் சுரங்கம் வந்தது. திம்புக்டுவுக்கு வடக்கே 650 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பலகை பலகையாக உப்பு இன்றும் வருகிறது. பெரும்பாலும் லாரியில், கொஞ்சம் ஒட்டகத்தில். 1969 முதல் 1988 வரை மாலி அரசு அதே தவ்தேனியில் ஒரு சிறையையும் நடத்தியது. தப்பித்துப் போக வேறு இடம் இல்லாத ஊர் என்பதால் காவலுக்குப் பெரிய செலவு இல்லை.

மனிதர்களும் இன்னும் அந்தப் பாலைவனத்தைக் கடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது வேலை தேடி, வடக்கு நோக்கி, பிக்கப் வண்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு. அவர்களை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கி நைஜர் 2015-ல் ஒரு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் அதை ரத்தும் செய்துவிட்டது. சட்டம் இருந்தபோதும் வண்டிகள் போயின. காவல் இல்லாத வழியாக, கிணறு இல்லாத வழியாக.

கடைசியாக...

அந்தத் தோழியிடம் போன வாரம் இந்தப் பதிலைச் சொன்னேன். "உப்பு வெட்டினவன் பணக்காரன் இல்லை. அவன்கிட்ட இருந்தது உப்பு வீடு மட்டும்தான். அதுவும் அவனோடது இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அன்னிக்கே சொல்லியிருந்தா யாரும் 'ஓ'ன்னு சொல்லியிருக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த முறை யாராவது "எடைக்கு எடை தங்கம்" என்று சொன்னால், முதலில் கால்குலேட்டரை எடுக்கப் போகிறேன். அப்புறம் அவள் கேட்ட கேள்வியைக் கேட்கப் போகிறேன்.

கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். இந்த முறை மழுப்ப மாட்டேன் :)